சுழி பார்த்து வாங்கிய வண்டி

சந்தைக்கு மாடு பிடிக்கப் போகிற மாதிரிதான் நாங்கள் அந்த வண்டியைப் பார்க்கப் போனோம். அப்பா வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். மாமா தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு, கையில் ஒரு கயிறு மட்டும்தான் குறை என்பதுபோல் விடிந்ததும் எங்கள் வாசலில் வந்து நின்றார். மாமா என்றால் அம்மாவின் அண்ணன். எப்போதும்வென்றான் என்கிற ஊர்க்காரர். எங்கள் பக்கத்துக் கரிசல் ஊர்களில் யார் காளை வாங்கினாலும் அவரைக் கூப்பிட்டுச் சுழி பார்த்துவிட்டுத்தான் வாங்குவார்கள். மாட்டின் உடம்பில் மயிர் சுழித்திருக்கும் இடங்களைப் பார்த்து, இது வீட்டுக்கு ஆகும், இது ஆகாது என்று சொல்லிவிடுவார். அவருக்குச் சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது. வண்டி வாங்கப் போகும்போது அது ஒரு குறையாக அவருக்கும் படவில்லை, எங்கள் வீட்டில் யாருக்கும் படவில்லை.

எனக்கு அப்போது ஒன்பது வயது. வாய் ஓயாத பிள்ளை. வீட்டில் விட்டுப் போனால் அம்மாவைப் படுக்கவிடாமல் எதையாவது கேட்டுக்கொண்டே இருப்பேன் என்று என்னையும் கூட்டிக்கொண்டார்கள். அம்மாவுக்கு எட்டு மாதம்.

எங்கள் ஊர் பசுவந்தனையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. தார் ரோட்டுக்கு வரவேண்டுமானால் மூன்று மைல் கரிசல் பாதை. வெயில் காலத்தில் அந்தப் பாதை பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். மழை விழுந்துவிட்டால் அது பாதை இல்லை, களி. காலை வைத்தால் செருப்பைப் பிடுங்கிக்கொள்ளும். பத்து எட்டு நடந்தால் ஒவ்வொரு காலிலும் இரண்டு கிலோ மண் ஒட்டியிருக்கும். நான் ரெண்டாம் வகுப்புப் படித்தபோது ஒரு கார்த்திகை மாதம், நாள் கணக்கெல்லாம் தப்பி, ஒன்றரை மாதம் முந்தியே அம்மாவுக்கு வலி வந்துவிட்டது. அடைமழை. டிராக்டர் டிரைலரில் தார்ப்பாய் கட்டி அம்மாவைப் படுக்கவைத்துக் கொண்டுபோனார்கள். பாதி வழியில் சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றியது. தம்பியோடு வருகிறோம் என்று எனக்குச் சொல்லிவிட்டுப் போனவர்கள் மறுநாள் மத்தியானம் வெறுங்கையோடு வந்தார்கள். அவன் அந்த டிரைலரிலேயே பிறந்தான், அழவில்லை என்பது மட்டும் எனக்குத் தெரியும். அதற்குமேல் யாரும் சொல்லவில்லை.

இந்தத் தடவையும் பிரசவம் மழைக்குள்தான் வரும் போலிருந்தது. முன்னாலேயே ஆஸ்பத்திரி உள்ள கோவில்பட்டியில் போய் இருக்கலாம் என்றால் தங்க இடம் இல்லை, அம்மாவும் சம்மதிக்கவில்லை. அப்போதுதான், கயத்தாற்றுக்குப் பக்கத்தில் ஒரு அம்மாவிடம் நாலு சக்கரமும் இழுக்கிற பிக்கப் வண்டி ஒன்று நிற்கிறது, பழசு, ஆனால் எந்தச் சேற்றிலும் போகும் என்று யாரோ அப்பாவிடம் சொன்னார்கள். அதைக் கேட்ட நாளிலிருந்து அப்பா சரியாகச் சாப்பிடவில்லை. மழைக்கு முன்னால் அந்த வண்டி வீட்டுக்கு வந்துவிட வேண்டும். வீட்டில் வேறு பேச்சே இல்லை.

கயத்தாற்றில் பஸ்ஸை விட்டு இறங்கி ஒரு ஆட்டோவில் போனோம். ஊர் முடிந்து வெகுதூரம் போனபிறகு, உழுதுபோட்ட கருப்பு நிலத்துக்கு நடுவில் ஒற்றையாக ஒரு வீடு. புரட்டாசிக் கடைசி. மூன்று நாளைக்கு முன் ஒரு மழை பெய்துவிட்டு, அதோடு வானம் மூடிக்கொண்டு நின்றுவிட்டது. உச்சிப்பொழுது. காற்று கொஞ்சமும் இல்லை. ஒரு காக்கைச் சத்தம்கூட இல்லை. எங்களை இறக்கிவிட்டுத் திரும்பிய ஆட்டோவின் சத்தம் தேயத் தேய, என் காதுக்குள் ஒரு மாதிரி இரைந்தது.

வண்டி ஒரு உடைமரத்தடியில் நின்றது. முன்னால் ஜீப் மாதிரி மூக்கு, பின்னால் சாமான் ஏற்றுகிற தொட்டி. பழசு என்றார்களே தவிர அழுக்கு என்று சொல்ல முடியாது. நேற்றுக் கழுவிய மாதிரி இருந்தது. கண்ணாடியில் பூசிய விபூதி காய்ந்து வெள்ளையாக இருந்தது. டிரைவர் பக்கத்துக் கதவுக்குக் கீழே ஒரு ஜோடி ஆம்பளைச் செருப்பு, ரப்பர் செருப்பு, கழுவி, வண்டியைப் பார்த்தபடி ஒழுங்காக வைத்திருந்தது. அப்பா அதைப் பார்த்தார். மிதிக்காமல் சுற்றிப்போய் நின்றார்.

வண்டிக்காரம்மா வீட்டுக்குள்ளிருந்து வந்தார். ஐம்பது வயதிருக்கும். ஒல்லி. வாங்க என்று சொல்லிவிட்டு எங்கள் மூன்று பேரையும் ஒவ்வொருவராகப் பார்த்தார். என்னைப் பார்த்தபோது மட்டும் கொஞ்சம் சிரித்தார்.

"தெனம் காலையில ஒருக்க ஸ்டார்ட் பண்ணி வச்சிருவோம். இல்லன்னா பேட்டரி செத்துப்போவும்னு அவிய சொல்லுவாவ" என்றார்.

அவிய என்றால் அவருடைய வீட்டுக்காரர். எங்கே என்று நான் சுற்றிலும் பார்த்தேன். யாரும் இல்லை. சரி, உள்ளே தூங்குகிறார்கள் போல என்று நினைத்துக்கொண்டேன்.

மாமா வேலையைத் தொடங்கினார். முதலில் பத்தடி தள்ளி நின்று வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். பழக்கம் இல்லாத மாட்டுக்குப் பின்னால் போகக்கூடாது என்று பின்பக்கம் மட்டும் இன்னும் தள்ளிப் போனார். பிறகு மூக்கில் உள்ளங்கையை வைத்துக் கொஞ்ச நேரம் நின்றார். காய்ச்சல் இல்லை என்று தெரிந்திருக்க வேண்டும். குனிந்து டயரின் பட்டைகளை விரலால் தடவி, "பல்லு தேஞ்சிருக்கு. எட்டுப் பல்லும் போட்டு வருசம் ஆச்சு" என்றார். இடது முன்சக்கரத்துக்கு மேலே ஒரு ரூபாய் அகலத்துக்கு வட்டமாகத் துரு ஏறியிருந்தது. அதன் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்துவிட்டார்.

"மாப்ள, இந்தச் சுழிய எனக்குப் பிடிக்கல."

"மச்சான், அது துரு."

"எல்லாச் சுழியும் மொதல்ல அப்படித்தான் தெரியும்" என்றார் மாமா.

அப்பாவுக்கு டிராக்டர் தெரியும். அதனால் அவர் பார்க்கவேண்டியதைப் பார்த்தார். பானட்டைத் திறந்து ஆயில் குச்சியை உருவி, விரலில் தேய்த்து முகர்ந்தார். ஒரு பழைய பேப்பரை வண்டிக்கு அடியில் விரித்து, சொட்டு விழுகிறதா என்று பார்த்தார். வெள்ளைச் சட்டையோடு மல்லாக்கப் படுத்து உள்ளே போய், ஒரு கல்லால் அடிச்சட்டத்தைத் தட்டித் தட்டிக் கேட்டார். வண்டிக்கு அடியிலிருந்து டங், டங் என்று வந்த சத்தம் அந்த வெட்டவெளியில் எங்கோ தூரத்தில் வேறு யாரோ தட்டுவதுபோல் திரும்பி வந்தது. ஸ்டார்ட் செய்தார். முதல் தடவையிலேயே பிடித்துக்கொண்டது. கொஞ்சம் கரும்புகை, பிறகு சுத்தமான சத்தம். ஆர்.சி. புத்தகத்தையும் வாங்கிப் பார்த்தார். அப்பாவின் முகம் தெளிந்துகொண்டே வந்தது. அதைப் பார்க்கப் பார்க்க எனக்கும் சந்தோஷமாக இருந்தது.

ஆனால் மாமா விடவில்லை. படுத்து எழும்புவதைப் பார்க்காமல் மாட்டை வாங்கக்கூடாதாம். சேற்றில் இறக்கி ஏற்றிக் காட்டச் சொன்னார். அது நியாயம்தான், அந்தச் சேற்றுக்காகத்தானே வந்திருக்கிறோம் என்று அப்பாவும் சொன்னார். வீட்டுக்குப் பின்னால் மூன்று நாளைக்கு முன் பெய்த மழை வடியாமல் ஒரு பள்ளம் கிடந்தது. நானும் ஏறுவேன் என்று அடம்பிடித்து முன்சீட்டில் அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.

டிரைவர் சீட்டில் ஒரு வேட்டி மடித்துப் போட்டிருந்தது. நடுவில் ஒருவர் வருஷக்கணக்காக உட்கார்ந்த குழி. அப்பா சின்ன உடம்பு. அந்தக் குழிக்குள் அப்பா உட்கார்ந்தது, வேறு யாரோ ஒருவர் மடியில் உட்கார்ந்த மாதிரி இருந்தது. பெரிய கியருக்குப் பக்கத்தில் இன்னொரு குட்டிக் கியர் இருந்தது. அதைப் போட்டால்தான் நாலு சக்கரமும் இழுக்கும் என்றார் அப்பா. போட்டார். வண்டியின் சத்தம் கனத்தது. ஆமை மாதிரி பள்ளத்துக்குள் இறங்கி, நடுவில் போய்ச் சேற்றில் உட்கார்ந்தது. சக்கரங்கள் மெதுவாகச் சுற்றின, வண்டி நகரவில்லை.

முன்சக்கரம் சுற்றுகிறதா, இல்லை பின்சக்கரம் மட்டும்தானா என்று அப்பா கரையில் நின்ற மாமாவிடம் கத்திக் கேட்டார். மாமாவுக்கு எது முன், எது பின் என்பது மட்டும்தான் தெரியும், எது சுற்றுகிறது என்று சொல்லத் தெரியவில்லை. அப்பா பொறுமை இழந்து, வண்டியை அப்படியே கியரில் சுற்றவிட்டு, தானே கீழே குதித்துப் பார்க்கப் போனார். டிராக்டரில் அவர் அப்படிச் செய்து நான் பார்த்திருக்கிறேன். அதனால் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

அப்போதுதான் வண்டி எழுந்தது.

சக்கரத்துக்கு அடியில் எங்கோ கெட்டித் தரை கிடைத்திருக்க வேண்டும். ஒரு உலுக்கு. மூக்கைத் தூக்கிக்கொண்டு பள்ளத்திலிருந்து அந்தப்பக்கக் கரைக்கு ஏறியது. ஏறும்போது சாய்ந்ததில், அப்பா திறந்துபோட்டுவிட்டுப் போன கதவு மெதுவாக வந்து, யாரோ ஏறி உட்கார்ந்து சாத்திக்கொண்ட மாதிரி, டக் என்று சாத்திக்கொண்டது. வண்டி நிற்கவில்லை. நடந்தது. ஓடியது என்று சொல்ல மாட்டேன். ஒரு ஆள் பொழுதுபோகாமல் நடக்கிற வேகம்தான். எனக்குப் பக்கத்து சீட்டில் யாரும் இல்லை.

நான் கத்தியிருக்க வேண்டும். கத்தவில்லை. கதவோடு ஒட்டிக்கொண்டு அந்த ஸ்டியரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது கொஞ்சம் இடது பக்கம் திரும்பியது. நின்றது. கொஞ்சம் வலது பக்கம் வந்தது. கை வைத்துப் பிடிக்கிற இரண்டு இடம் மட்டும் கருத்துப் பளபளத்தது. வண்டி புஞ்சையின் ஓரத்தில், ஏற்கெனவே ஆழமாகப் பதிந்து காய்ந்த இரண்டு தடங்களுக்குள் இறங்கி, எங்கே போகவேண்டும் என்று தெரிந்த மாதிரி போய்க்கொண்டிருந்தது.

பக்கத்துக் கண்ணாடியில் அப்பா தெரிந்தார். ஓடிவரப் பார்க்கிறார், ஓட முடியவில்லை. களியிலிருந்து ஒரு காலைப் பிடுங்கி வைத்து, அடுத்த காலைப் பிடுங்குவதற்குள் வண்டி நாலு முழம் தள்ளிப் போய்விடுகிறது. மாமா சேற்றில் உட்கார்ந்திருந்தார். விழுந்திருக்கிறார். அப்பா வாயைத் திறந்து திறந்து மூடுவது தெரிந்தது. என் பெயரைத்தான் சொல்லியிருப்பார். எஞ்சின் சத்தத்தில் எதுவும் கேட்கவில்லை. கண்ணாடிக்குள் அவர் சின்னதாகிக்கொண்டே போனார்.

முன்னால் ஒரு கிணறு வந்தது. சுற்றுச்சுவர் இல்லாத கிணறு. வண்டி நேராக அதைப் பார்த்துத்தான் போனது. நான் கண்ணை மூடிக்கொள்ளவில்லை; மூடவேண்டும் என்று தோன்றவில்லை. கிணற்றுக்கு ஒரு ஆள் தூரம் இருக்கும்போது ஸ்டியரிங் தானாகச் சுற்றியது. நிதானமாக, ஒரு முழுச் சுற்று. வண்டி கிணற்றை விட்டு விலகி வளைந்தது. உள்ளே பச்சையாகத் தண்ணீர் கிடந்ததை நான் எட்டிப் பார்த்தேன். பக்கத்தில் ஒரு ஆள் உட்கார்ந்து ஓட்டுகிறார் என்று அப்போது எனக்கு நிச்சயமாகிவிட்டது. அவரைத் திரும்பிப் பார்க்கத்தான் பயமாக இருந்தது.

வளைந்த பிறகு வண்டிக்காரம்மா தெரிந்தார். வீட்டுப் பக்கமிருந்து நடந்து வந்துகொண்டிருந்தார். அவரிடம் ஓட்டமும் இல்லை, பதற்றமும் இல்லை. மழையில் நனைந்த சோளத்தட்டைக் கட்டுகளை அந்தத் தடத்தின் ஓரமாகக் காயப்போட்டிருந்தார்கள். வண்டி பக்கத்தில் வந்ததும், சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு, ஒரு கட்டைத் தூக்கிப் பின்னால் தொட்டிக்குள் எறிந்தார். வண்டியோடு கூடவே நடந்து, அடுத்த கட்டைத் தூக்கி எறிந்தார். மூன்றாவது. நாலாவது. ஒவ்வொரு கட்டும் விழும்போது வண்டி லேசாகக் குலுங்கியது. அவர் என்னைப் பார்க்கவே இல்லை. எனக்கு அந்தப்பக்கம் இருக்கிற இடத்தைத்தான் பார்த்தார். அப்படி ஒரு ஓய்வான முகத்தை நான் அதற்கு முன் பெரியவர்களிடம் கண்டதில்லை.

பிறகுதான் நான் இருப்பது தெரிந்த மாதிரி, எட்டி என் பக்கத்துக் கதவைத் திறந்து, படியில் ஒரு காலை வைத்து ஏறி, என் மேல் குனிந்து, டிரைவர் சீட்டைப் பார்த்துச் சொன்னார்.

"போதும். பிள்ள பயப்படுது. நிறுத்துங்க."

வண்டி நின்றுவிட்டது.

சாவிக்குக் கீழே ஒரு குமிழ் இருந்ததும், அதை இழுத்தால் அந்தக் காலத்து டீசல் எஞ்சின் அணைந்துவிடும் என்பதும், சொல்லிக்கொண்டே அந்த அம்மா அதைத்தான் இழுத்திருப்பார் என்பதும் பின்னால் நானே ஓட்டக் கற்றுக்கொண்டபோது தெரிந்தது. அந்த நேரத்தில் என் முகத்துக்கு முன்னால் அவருடைய சேலைதான் இருந்தது. சொன்னார், நின்றது. நான் கண்டது அவ்வளவுதான்.

அப்பா வந்து சேர்ந்தார். முழங்கால் வரை கருப்பு. செருப்பு இல்லை. என்னைத் தூக்கிக் கீழே இறக்கி, தலையில் கையை வைத்தார். அந்த அம்மாதான் பேசினார், பக்கத்து வீட்டில் கதை சொல்கிற மாதிரி.

"வேலைக்கு ஆள் எங்கன கிடைக்கி. எல்லாம் தீப்பெட்டி ஆபீசுக்குப் போயிருதாவ. நாங்க ரெண்டு பேருதான். அவிய குட்டிக் கியரப் போட்டுட்டு எறங்கிருவாவ. இது பாட்டுக்குத் தடத்துல நடக்கும். அந்தப் பக்கம் அவிய, இந்தப் பக்கம் நான், கட்டத் தூக்கிப் போட்டுக்கிட்டே வருவோம். தடம் ஆழமா கெடக்குல்லா, வெலகாது. பிள்ள தைரியசாலி, அழலியே."

மாமா அப்போதுதான் வந்து சேர்ந்தார். "அண்ணாச்சி எங்க?" என்று கேட்டார். அந்த வீட்டு விவரம் எதையும் சொல்லாமலே அப்பா அவரைக் கூட்டி வந்திருந்தார் போலும்.

"போன மாசியில நெஞ்சுவலி வந்து போய்ச் சேந்துட்டாவ" என்றார் அந்த அம்மா, அதே குரலில். "அவியதான் விக்கச் சொல்லுதாவ. சும்மா நிக்கி, மழைக்கு முன்னால குடுத்துரு, யாருக்காவது ஆவும்ங்காவ."

போன மாசியில் செத்தவர் இப்போது எப்படிச் சொல்லுவார் என்று கேட்க எனக்கு நாக்கு துறுதுறுத்தது. மாமாவின் முகத்தைப் பார்த்தேன். சேற்றுக்கு நடுவிலும் வெளுத்திருந்தது. நான் கேட்கவில்லை. அந்த ஒரு நாள்தான் நான் கேட்காமல் விட்டது.

கயத்தாறு பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில் மாமா தீர்ப்புச் சொன்னார். வேண்டாம். வாங்கிப்போன வீட்டில் நிற்காமல் கட்டை அவிழ்த்துக்கொண்டு பழைய வீட்டுக்கே நடந்துவிடுகிற மாடு ஒன்று உண்டு. அது எவ்வளவு நல்ல மாடாக இருந்தாலும் யாரும் பிடிக்க மாட்டார்கள். இந்த வண்டி அந்த இனம். "இன்னொருத்தர் கைக்குப் பழகுனது மாப்ள. அந்தக் கை இன்னும் விடல. வாயும் வயிறுமா இருக்கிற என் தங்கச்சிய அதுலயா ஏத்துவீங்க?" என்று கேட்டார். அம்மாவின் அண்ணன் வேண்டாம் என்று சொன்ன ஒன்றை எங்கள் வீட்டுக்குள் கொண்டுவர முடியாது. அப்பா டீயைக் குடிக்காமல் கிளாசையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "காலையில கோயில்ல பூக்கட்டிப் பாத்துருவோம் மச்சான். சாமி என்ன சொல்லுதோ அதான்" என்றார். மாமா சந்தோஷமாகச் சம்மதித்தார். அவருக்குச் சுழிக்கு அடுத்தபடியாக நம்பிக்கை பூவில்தான்.

பூக்கட்டிப் பார்ப்பது என்றால் இதுதான். இரண்டு பொட்டலம். ஒன்றில் வெள்ளைப் பூ, ஒன்றில் சிவப்பு. சாமிக்கு முன்னால் போட்டு, ஒரு பிள்ளையை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் செய்யலாம். சிவப்பு வந்தால் கூடாது. அதற்குமேல் பேச்சு இல்லை. எங்கள் குலசாமி விஷயத்தில் அப்பா அப்படிப்பட்டவர். கோயிலுக்கு நேராகக் காலை நீட்டிப் படுத்ததற்காக என்னை அடித்திருக்கிறார். அவர் என்னை அடித்தது அந்த ஒரு தடவைதான்.

மறுநாள் விடியக்காலையில் அப்பாவே போய்ப் பூப்பறித்து வந்தார். நந்தியாவட்டையும் செவ்வரளியும். பூவரசு இலையில் மடித்து, வாழைநாரால் கட்டி, இரண்டு பொட்டலமும் ஒன்றுபோல. ஊருக்கு மேற்கே வேலிக்கருவைக்கு நடுவில் எங்கள் கோயில். அப்பா, மாமா, நான், மூன்று பேர்தான். மேக மூட்டம் விலகாத காலை. அங்கேயும் காற்று இல்லை. அப்பா பொட்டலங்களைச் சாமி காலடியில் குலுக்கிப் போட்டுவிட்டு, என்னை எடுக்கச் சொன்னார்.

எனக்கு எல்லாம் தெரியும். வண்டி வந்தால் அம்மா ஆஸ்பத்திரிக்குப் போகலாம். வண்டி வராவிட்டால் டிரைலர்தான். தெரிந்தும், குனிந்தபோது நான் வேண்டிக்கொண்டது சிவப்பு வரட்டும் என்றுதான். அந்த சீட்டுக்குப் பக்கத்தில் இன்னொரு தடவை உட்கார என்னால் முடியாது என்று இருந்தது. இதை இத்தனை வருஷத்தில் நான் யாரிடமும் சொன்னதில்லை. இப்போது எழுதும்போதும் வெட்கமாகத்தான் இருக்கிறது. எந்தப் பொட்டலம் சிவப்பு என்று விரலால் அமுக்கிப் பார்த்தேன். அரளி என்றால் கொஞ்சம் கனமாக இருக்க வேண்டும். இரண்டும் ஒரே மாதிரி இருந்தன. ஒன்றை எடுத்துக் கொடுத்தேன்.

மாமா பிரித்தார். வெள்ளை.

மாமா கன்னத்தில் போட்டுக்கொண்டு சாஷ்டாங்கமாக விழுந்தார். எழுந்து, "அதையும் பிரிச்சிரலாமே" என்று மற்றதற்குக் கை நீட்டினார். அதற்குள் அப்பா அதை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுவிட்டார். "வேண்டாம் மச்சான். சாமி சொன்னபொறவு அடுத்ததப் பாக்குதது, சந்தேகப்படுத மாதிரி" என்றார். மாமாவுக்கு அந்தப் பேச்சு ரொம்பப் பிடித்துவிட்டது. போகிற வழியெல்லாம் மாப்பிள்ளையின் பக்தியைப் பற்றித் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வந்தார். நான் சிவப்பு கேட்டேன், வெள்ளை வந்திருக்கிறது. அந்த வண்டி இங்கேயும் கூடவே வந்து என் விரலைத் திருப்பிவிட்டது என்று நினைத்தேன்.

அன்று சாயந்திரம் அம்மா துணி நனைக்க உட்கார்ந்தாள். நான் பக்கத்தில் இருந்தேன். அப்பாவின் சட்டைப்பையில் கையை விட்டவள் அந்தப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தாள். வாடிப்போன நந்தியாவட்டை. வெள்ளை. அம்மா அதை ரொம்ப நேரம் பார்த்தாள். எழுந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, தொழுவத்துப் பக்கம் நின்ற அப்பாவிடம் போய் உள்ளங்கையை விரித்துக் காட்டினாள்.

"சாமிகிட்டேயேவா?"

அப்பா திரும்பவில்லை. "நான் அவருகிட்ட கேக்கல. சொல்லிட்டேன்" என்றார்.

அம்மா அந்தப் பூவைக் கண்ணில் ஒற்றி, கொண்டைக்குள் செருகிக்கொண்டாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஒரு பொட்டலத்தில் சிவப்புதானே இருந்தது? யோசித்து யோசித்துக் கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தேன். அரளிதான். வண்டியைக் கண்டு பயந்து ராத்திரிக்குள் வெளுத்திருக்கிறது.

மூன்றாம் நாள் வண்டி எங்கள் வாசலுக்கு வந்தது. அந்த அம்மா செருப்பை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டாராம். ஐப்பசிக் கடைசியில், பகலே இருட்டியிருந்த ஒரு மழையில், அது மூன்று மைல் களியையும் நிற்காமல் கடந்தது. நான் பின்னால் தொட்டியில் தார்ப்பாய்க்கு அடியில் இருந்தேன். தம்பி கோவில்பட்டியில் பிறந்தான். ஊரே கேட்கும்படி அழுதான் என்று இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

அவனுக்கு முதல் முடி எடுக்கக் குலசாமி கோயிலுக்குத்தான் போனோம். மாமா மடியில் அவனை உட்காரவைத்து மொட்டையடித்தார்கள். பொங்கல் வைத்தார்கள், கிடா வெட்டினார்கள். தீபாராதனை காட்டும்போது அப்பாவைக் காணவில்லை. தேடிக்கொண்டு வந்தேன். அவர் வேலிக்கு வெளியே, வெயிலில், வண்டியின் மூக்கில் ஒரு கையை வைத்துக்கொண்டு, கோயிலுக்கு முதுகைக் காட்டி நின்றார்.

உள்ளே வரவில்லையா என்று கேட்டேன்.

"வண்டியப் பாத்துக்கிட ஒரு ஆள் வேணாமாட்டி?" என்றார்.

சரிதான் என்று பட்டது. அது தானாக நடந்துபோகிற வண்டி, யாராவது பிடித்துக்கொண்டு நிற்கத்தான் வேண்டும். விபூதியை நானே கொண்டுவந்து அப்பா நெற்றியில் பூசிவிட்டேன். பூசும்போது அவர் கண் கலங்கியிருந்தது. பொங்கல் அடுப்புப் புகை என்று நினைத்தேன். பொய்ப்பூ போட்ட கையோடு சாமிக்கு முன்னால் போய் நிற்க அவருக்குத் தைரியம் வரவில்லை என்பதும், இன்னொரு பிள்ளையையும் இழந்து வெறுங்கையோடு வருவதைவிடச் சாமியின் கோபத்தைத் தாங்கிக்கொள்ளலாம் என்று அவர் தனியாக ஒரு ராத்திரியில் முடிவு செய்திருந்தார் என்பதும் அப்போது எனக்குத் தெரியாது.